படங்குக்கு அந்தப் பக்கம்

புதிதாக விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டியிருக்கும் உங்களுக்கு ஓட்டப் பாதை கீறுவது எப்படி, உயரம் பாய்தலுக்கு மணல் கொட்டுவது எப்படி என்பதெல்லாம் பயிற்சிக் கலாசாலையில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் அதைச் சொல்லப் போவதில்லை. ஒரு மைதானம் முழுக்க ஆண்கள் எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டி நின்ற ஒரு பிற்பகலைப் பற்றிச் சொல்லப் போகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் விளையாட்டு ஆசிரியையாக இருந்தேன். அன்றைக்குப் போல எனக்கு வேறெந்த நாளும் நெஞ்சு படபடத்ததில்லை. அன்றைக்குப் போல நான் வேறெந்த நாளும் சிரிப்பை அடக்கிக்கொண்டதும் இல்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. இலங்கையில், மாத்தளையிலிருந்து வடக்கே போகும் பெருந்தெருவில், நாலந்தாவுக்குச் சற்று முன்னால் ஒரு தமிழ்மொழிப் பாடசாலைக்கு என்னை மாற்றியிருந்தார்கள். கடைத்தெருவில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிற முஸ்லிம் வியாபாரிகளின் பிள்ளைகள் பாதி. மேலே இருக்கிற தோட்டங்களிலிருந்து இறங்கி வருகிற தொழிலாளர் பிள்ளைகள் பாதி. மைதானம் என்று தலைமையாசிரியரான அதிபர் காட்டிய இடம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மேற்கே உதைத்த பந்தை வயலில்தான் போய் எடுக்க வேண்டும்.

முதல் நாள் மாலை பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். பையன்கள் ஓடினார்கள். சின்னப் பெண் பிள்ளைகளும் ஓடினார்கள். பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் மட்டும், யாரும் சொல்லாமலே, பலா மரத்தடியில் வரிசையாகப் போய் உட்கார்ந்தார்கள். அது அவர்களுடைய இடம் போலிருந்தது. ஓட்டப் பாதையின் முடிவில் ஒரு பெண் மட்டும் தடியை ஊன்றியபடி சிவப்புக் கொடியோடு நின்றாள். செல்வமணி என்று பெயர். தோட்டத்துப் பிள்ளை. சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியிருந்தது.

"அவளையும் நாங்க சேத்துக்கிறோம் டீச்சர். ஒவ்வொரு வருசமும் கொடி அவதான் புடிக்கிறா" என்று அதிபர் பெருமையாகச் சொன்னார்.

நான் அவளிடம் போய், "கொடி புடிக்கப் புடிக்குமா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "மரத்துல கட்டிவச்சாலும் அது ஆடுங்க டீச்சர்" என்றாள்.

எனக்குக் கற்பித்த ஒருவர், மைதானத்துக்குள் போனதும் முதலில் விளையாடாத பிள்ளைகளை எண்ணிப் பார்க்கச் சொல்வார். ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை. அன்று எண்ணிப் பார்த்தபோது, எனக்குச் சம்பளம் தருவதே பலா மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் என்று தோன்றியது.

அந்த மரத்தடியில் ஜெஸீமா இருந்தாள். அவளை நான் கவனித்தது வகுப்பறையில். தரையைக் கூட்டுவதற்காக நீளமான வாங்குப் பலகையை நகர்த்தச் சொன்னேன். அவள் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். வாங்கு நகர்ந்தது. வாங்கில் உட்கார்ந்து கணக்குச் செய்துகொண்டிருந்த மூன்று பிள்ளைகளும் எழுந்திருக்காமல் அப்படியே கூட நகர்ந்தார்கள். ஒருத்தியின் பேனா கூட வழுக்கவில்லை.

"கயிறு இழுப்பியா?" என்றேன்.

"வாப்பா சம்மதிச்சாத்தான் டீச்சர்."

அவளுடைய வாப்பா ஹமீது முதலாளி, ஊரில் பெரிய மிளகு வியாபாரி. அவரிடம் பேசப் போகிறேன் என்றதும் அதிபர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "டீச்சர், அந்த மனுசன் மகள இந்த வருசத்தோட படிப்ப விட்டு நிப்பாட்டலாமான்னு யோசிக்கிறாரு. நீங்க போய் மைதானம், விளையாட்டுன்னு ஆரம்பிச்சீங்கன்னா நாளைக்கே நிப்பாட்டிருவாரு. அவர் நிப்பாட்டினா கடைத்தெருவுல எல்லாரும் நிப்பாட்டுவாங்க. பெரிய வகுப்புல எனக்குப் பொம்புளப் புள்ளையே இருக்காது. யோசிச்சுச் செய்ங்க."

யோசித்தேன். யோசிக்க யோசிக்கப் பயம்தான் கூடியது. ஆகவே அன்று மாலையே போய்விட்டேன்.

கடை வாசலில் படங்கு என்கிற தடித்த கித்தான் விரிப்பில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. முதலாளி பருத்த உடம்புக்காரர். இடுப்பில் அகலமான பச்சை வார். என்னைக் கதிரையில் உட்கார வைத்து, இஞ்சித் தேநீர் வரவழைத்து, நான் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் மறுத்தார்.

"ஒங்கட மரியாதைக்காகச் சொல்றேன் டீச்சர். அவ வயசுக்கு வந்த புள்ள. ஓடுறத்துக்கு ஏலா."

"ஓட வேணாங்க முதலாளி. இது நின்ன எடத்துலயே நிக்கிற விளையாட்டு."

"நின்ன எடத்துல நிக்கிறது என்ன விளையாட்டு?"

"கயிறிழுத்தல். நல்லா விளையாடுறவங்க நகரவே மாட்டாங்க."

அவர் தாடியைத் தடவினார். "ஆம்புளையள் பாப்பாங்களே."

"மறைப்புக் கட்டுவோம். அஞ்சாறு சேல கொண்டுவந்து..."

"சேலையா?" வியாபாரி முகம் வந்துவிட்டது. "ஆடி மாசக் காத்துக்கு சேல நிக்குமா? படங்கு வேணும். கனமான படங்கு. என்கிட்ட ஈக்குது." அப்புறம்தான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று யோசித்தார். "எதிர்ப் பக்கம் யாரு இழுக்கிற?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. மரத்தடிப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே அணியில் சேர்த்துவிட்டால் எதிரணிக்குப் பெண் பிள்ளைகள் மிச்சமில்லை. பையன்கள் என்று வாயைத் திறந்தால் தேநீரோடு கதை முடிந்துவிடும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வாப்பாமாரு. புள்ளைகளோட அப்பாமாருங்க."

முதலாளி சிரித்தார். கடையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். "நாங்க இழுத்தா புள்ளையள் படங்கோட சேந்து மாத்தளைக்குப் பெய்த்துருவாங்க டீச்சர்" என்றார். ஆனால் சிரித்த மனிதர் மறுக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பயிற்சியைச் சமையலறைக்குப் பின்னால் வைத்தோம். தேங்காய்நார்க் கயிறு கையைக் கிழிக்கும் என்பதால் லொறியில் மூட்டை கட்டுகிற பருத்திக் கயிறு தேடிப் பிடித்தேன். நான் முதலில் கற்பித்தது இழுக்க அல்ல, விடாமல் இருக்க. கயிறிழுத்தலில் பிள்ளைகள் அடிபடுவது இழுக்கும்போது குறைவு. ஒரு பக்கம் திடீரென்று கையை விட, மறு பக்கம் மொத்தமாக மல்லாக்க விழுவதில்தான் கை முறிவதும் தலை உடைவதும் நடக்கும். இன்னொன்று, கையிலோ இடுப்பிலோ கயிற்றைச் சுற்றக் கூடாது. இந்த இரண்டையும் உங்கள் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்ல வேண்டும்.

செல்வமணி இழுக்க முடியாது. காலை ஊன்றாமல் கயிறிழுத்தல் இல்லை. அதை அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன். ஆனால் எப்போது இழுப்பது, எப்போது இறுக்கிப் பிடித்துக் காத்திருப்பது என்று யாராவது ஒருத்தி தீர்மானிக்க வேண்டும். மற்றவர்கள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள்தான் இரு பக்கத்தையும் பார்க்கலாம். "அது கொடி புடிக்கிற மாதிரி இல்லயே?" என்று சந்தேகமாகக் கேட்டாள். "நீ பிழையாச் சொன்னா எல்லாரும் தோப்பாங்க" என்றேன். அவள் முகம் மலர்ந்தது.

இரண்டு நாளில் அவளே ஒரு யோசனை சொன்னாள். "இழுன்னு கத்தினா அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கும் கேக்குங்க டீச்சர். அவங்களும் தயாராயிருவாங்க. வேற வார்த்த வைப்போம். கொக்கோன்னா இறுக்கிப் புடிக்கிறது. மிளகுன்னா இழுக்கிறது."

விளையாட்டுப் போட்டி நாள் வந்தது. வட்டாரக் கல்வி அதிகாரி பிரதம விருந்தினர். சாக்கு ஓட்டமும், கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடும் ஓட்டமும் முடிந்தன. மைதானத்தின் மேல் மூலையில் கருங்கல் சுவரும் பள்ளிக் கட்டிடமும் இரண்டு பக்கம் மறைக்க, மற்ற இரண்டு பக்கத்துக்கும் மூங்கில் நட்டுப் படங்கு கட்டியிருந்தோம். அதற்குள் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் அந்தச் சுவர் இருந்ததால், இடையில் வைக்கோலைக் குவித்து வைத்திருந்தேன். இரண்டு படங்குகள் சேரும் இடைவெளியால் கயிறு வெளியே வந்தது. அந்த இடைவெளியில் செல்வமணி தடியை ஊன்றி நின்றாள். வெளியே, எல்லோரும் பார்க்க, தந்தைமார் அணி.

அவர்கள் பெருநாளுக்குப் போல உடுத்து வந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, இடுப்பில் லுங்கி போலச் சுற்றிக் கட்டிய கரை போட்ட சாரம். சாரத்தைக் கட்டிக்கொண்டு கயிறிழுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு கையும் கயிற்றில் இருந்தால் சாரத்தை யார் பார்ப்பது? நான் அதைச் சொல்வது முறையில்லை என்று அதிபரைச் சொல்ல வைத்தேன். யாரும் கேட்கவில்லை. "சின்னப் புள்ளையளோடதானே" என்றார் அணியில் நின்ற பேக்கரிக்காரர். ஒரு தந்தை வராததால் அதிபரே களுசானோடு, அதாவது கால்சட்டையோடு, நடுவில் போய் நின்றுகொண்டார்.

கடைசி ஆளாக, நங்கூரம் போல, ஹமீது முதலாளி. விசிலை வாய்க்குக் கொண்டுபோகும்போது பார்த்தேன். கயிற்றின் நுனியை வயிற்றைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்.

கல்வி அதிகாரி காத்திருக்கிறார். ஊரே காத்திருக்கிறது. இவ்வளவு பெரிய மனுசனை எல்லோர் முன்னாலும் திருத்தினால் நாளைக்கு என்ன ஆகும் என்று அதிபரின் கண் என்னிடம் கெஞ்சுகிறது. இப்படியான நேரம் உங்களுக்கும் வரும். சொல்லாமல் விடுவதற்கு நூறு நியாயம் மனதில் ஓடும். நான் விசிலை இறக்கிவிட்டு நடந்து போனேன்.

"முதலாளி, அத அவுத்துருங்க."

"நான் லொறியில மூட்ட கட்டின ஆள் டீச்சர். எனக்குக் கயிறு தெரியும்."

"மூட்டைக்கு வலிக்காதுங்க. சறுக்கி விழுந்தீங்கன்னா முழுப் பாரமும் உங்க வயித்துலதான் இறுகும். அவுத்தாத்தான் விசில் அடிப்பேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முதலாளியின் முகம் கறுத்தது. அவிழ்த்தார். ஆனால் மெதுவாக, தன்னுடைய விருப்பத்துக்கு அவிழ்க்கிறவர் போல அவிழ்த்தார். நானும் அப்படித்தான் என்பது போல நின்றேன்.

விசில் அடித்தேன்.

தந்தைமார் ஒரே மூச்சில் இழுத்தார்கள். கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி சரசரவென்று அவர்கள் பக்கம் வந்தது. கூட்டம் கத்தியது. படங்குக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. செல்வமணியின் குரல் மட்டும் கேட்டது.

"கொக்கோ."

துணி நின்றது. தந்தைமார் ஆளுக்கொரு நேரம் இழுத்தார்கள். துணி அசையவில்லை. "என்ன சொல்றா அந்தப் புள்ள?" என்று பேக்கரிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "கொக்கோவாம்" என்றார் முன்னால் நின்றவர். "வெல கூடிட்டா?" என்று முதலாளி பின்னாலிருந்து கேட்டார். அந்த நேரம் பேக்கரிக்காரர் சாரத்தைச் சரி செய்ய ஒரு கையை எடுத்தார். செல்வமணி அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"மிளகு."

துணி ஒரு முழம் பின்னால் போயிற்று. "கொக்கோ." இன்னொருவரின் கை சாரத்துக்குப் போயிற்று. "மிளகு." இப்படியே துணி படங்கை நோக்கி ஊர்ந்தது. அவள் யாருடைய பலத்தையும் பார்க்கவில்லை. சாரங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வயல் பக்கமிருந்து காற்று ஏறி வந்தது.

ஒரு மூங்கில் சாய்ந்தது. படங்கு பாய் போல உப்பியது. அடுத்த மூங்கிலும் பிடுங்கிக்கொண்டு வந்தது. விசில் அடித்து நிறுத்த வேண்டும் என்றுதான் கை போயிற்று. பாதியில் நிறுத்தினேன். விசில் கேட்டால் பிள்ளைகள் கயிற்றை விட மாட்டார்கள், பழக்கியிருக்கிறேன். தந்தைமாரை யார் பழக்கியது? அவர்கள் விளையாட்டு முடிந்துவிட்டது என்று அந்த நொடியே கையை விடுவார்கள். பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னால் விழுவார்கள். வைக்கோல் எவ்வளவுதான் தாங்கும்? நான் விசிலைத் தொடவில்லை.

படங்கு முழுதாக எழும்பிப் பறந்து, கல்வி அதிகாரியும் பரிசு மேசையும் இருந்த கொட்டகையின் மேல் போய் இறங்கியது. அதிகாரி காணாமல் போனார்.

பிள்ளைகள் வெட்டவெளியில் நின்றார்கள். சிலருக்குத் தலையில் போட்டிருந்த முந்தானை சரிந்திருந்தது. எல்லோருடைய கையும் அதைச் சரி செய்யத் துடிப்பது தெரிந்தது. இப்போது இவர்கள் கையை எடுத்தால் மறு பக்கம் தந்தைமார் மல்லாக்க விழுவார்கள், சரிவில்.

"கொக்கோ" என்று செல்வமணி கத்தினாள். "கைய விடாதீங்கடி. விட்டா வாப்பாமாரு உளுந்துருவாங்க."

யாரும் விடவில்லை. கடைசியில், பாதங்களை மண்ணில் புதைத்து, ஜெஸீமா நின்றாள். கயிற்றின் இந்த முனையில் ஹமீது முதலாளி நின்றார். வாப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் கையை விட்டுவிட்டு மகளை வீட்டுக்குக் கூட்டிப் போவார் என்றுதான் நினைத்தேன். அதிபரும் அதையேதான் நினைத்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டார்.

முதலாளி தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் திரும்புங்க" என்றார். "கயித்த விடாம திரும்புங்க."

தந்தைமார் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அதிபர் கண்ணை மூடியிருந்ததால் தவறான பக்கம் திரும்பிக் கயிற்றில் சிக்கினார். அவரையும் விடுவித்துத் திருப்பினார்கள். இதைக் கேட்ட கடைத்தெரு ஆண்கள் தாங்களும் திரும்பி நின்றார்கள். அவர்கள் திரும்புவதைப் பார்த்து, காரணம் தெரியாத தோட்டத்துத் தகப்பன்மாரும் திரும்பினார்கள். வேடிக்கை பார்க்க வந்த பஸ் சாரதியும் கொண்டக்டரும் திரும்பினார்கள். படங்குக்கு அடியிலிருந்து மிளகுத் தூசியில் தும்மிக்கொண்டே கல்வி அதிகாரி வெளியே வந்தார். மைதானத்து ஆண்கள் அத்தனை பேரும் வயலைப் பார்த்து நிற்பதைக் கண்டார். ஒரு கணம் பார்த்தார். பிறகு அவரும் திரும்பிக்கொண்டார்.

செல்வமணி என்னைப் பார்த்தாள். போட்டியை நிறுத்துவதா, தொடர்வதா என்பது இப்போது என்னுடைய கையில். இழுக்கிற கயிறும் பிடித்திருக்கிற கைகளும் பத்திரமாக இருந்தன. படங்கு செய்ய வேண்டிய வேலையைத் தந்தைமாரே பார்த்துக்கொண்டார்கள். நான் தலையசைத்தேன்.

"மிளகு" என்றாள், மிக மரியாதையாக.

தந்தைமார் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். எதிர்த்து இழுக்கத்தான் செய்தார்கள். ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையில் சாரத்தையும் பிடித்துக்கொண்டு, எத்தனை பேரால் இழுக்க முடியும்? ஊர்வலம் போல, ஆனால் பின்னோக்கி, ஒருவர் பின் ஒருவராகக் கோட்டைத் தாண்டினார்கள்.

"கோடு வந்துட்டா டீச்சர்?" என்று முதலாளி வயலைப் பார்த்தபடியே கேட்டார்.

"வந்து, போயும் போயிருச்சுங்க முதலாளி."

"அப்ப வச்சிரலாமா?"

"எல்லாரும் சேந்து மெதுவாக் கீழ வைங்க."

வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒருவரும் விழவில்லை. ஒரு உள்ளங்கை கூடச் சிவக்கவில்லை. வெற்றியைக் கண்ணால் பார்த்தவர்கள் ஊரின் பெண்கள் மட்டும்தான். அவர்கள் எழுப்பிய சத்தம் பெருந்தெரு வரை கேட்டிருக்கும். ஜெஸீமா தலையைச் சரி செய்துகொண்டு வந்து என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"வாப்பா வேணுமின்டு விட்டாரா டீச்சர்?"

"திரும்புறதுக்கு முந்தியே உங்க பக்கம் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றேன். அது உண்மை. அதை அவளிடம் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைத்தேன். பிள்ளைக்குக் கிடைத்த வெற்றியைப் பெரியவர்களின் பெருந்தன்மையாக மாற்றிவிடாதீர்கள்.

மாலையில் வெயில் தாழ்ந்த நேரத்தில் முதலாளி படங்கை எடுக்க வந்தார். நானும் ஒரு முனையைப் பிடித்து மடித்தேன். மகளைப் பற்றி என்ன சொல்லப் போகிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு மடித்தேன். அதிபர் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

"காத்தாலதான் தோத்தோம்" என்றார் கடைசியில்.

"ஆமாங்க முதலாளி. காத்து பலமா இருந்துச்சு."

இன்னொரு மடிப்பு மடித்தோம்.

"அந்தக் கால் ஏலாத புள்ள. மிளகு மிளகுன்டு சொல்லிச்சே. யாருட புள்ள அது?"

"தோட்டத்துப் புள்ளைங்க. செல்வமணி."

"நல்ல புள்ள. எந்நேரம் வாங்குற, எந்நேரம் பொறுக்கிறன்டு அதுக்கு வெளங்குது. என்ட கடையில ஒருத்தனுக்கும் வெளங்குதில்ல." மடித்த படங்கைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு இரண்டு எட்டு நடந்தவர் நின்றார்.

"அடுத்த வருசம் படங்கு வேணாம் டீச்சர்."

மகளை நிறுத்தப் போகிறார் என்றே நினைத்தேன். "ஏன் முதலாளி?"

"அதக் கட்டி, அது பறந்து, பெரிய மனுசருட தலையில உளுந்து... என்னத்துக்கு அந்தக் கரச்சல்? நாங்க மொதல்லயே திரும்பி நிக்கிறோம்."

"அப்படின்னா தோத்துருவீங்களே."

"தோக்கத்தான் போறோம்" என்றார் ஹமீது முதலாளி. "எல்லாருக்கும் களுசான் தைக்கச் சொல்லணும். அப்பவாச்சும் ரெண்டு கையாலயும் தோப்போம்."